டெராஃபார்ம் மாட்யூலின் அவுட்புட் வெளியே வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் குழுவில் பாதிப் பேர் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பகுதிகளில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மீதிப் பேர் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கிறார்கள். கிளவுட் வளங்களைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவி டெராஃபார்ம்; அதில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க கோப்புத் தொகுதி மாட்யூல், மாட்யூல் வெளியே தரும் மதிப்பு அவுட்புட். நெட்வொர்க் மாட்யூலை அவர்கள் எழுதுகிறார்கள், அதன் மேல் செயலிகளை நாங்கள் நிறுவுகிறோம். ஆகையால் எங்களிடையே மாறி மாறி வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, மாட்யூலுக்குள்ள இருக்கு, ஆனா வெளிய வரல்ல." அந்தக் கேள்விக்கு அவ்வப்போது எழுதி அனுப்பிய பதில்களை அறிகுறி வாரியாக இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறேன்; மேலிருந்து கீழாகச் செல்லுங்கள், இடையில் ஒன்றைத் தாண்டாதீர்கள்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்திலேயே இருக்கும். டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு பயன்படுத்துவோருக்கும் இங்குள்ள சோதனைகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்; ‘டெராஃபார்ம்’ என்ற இடத்தில் ‘டோஃபு’ என்று இட்டுக்கொள்ளலாம்.

## அறிகுறி: ‘நோ அவுட்புட்ஸ் ஃபவுண்ட்’ என்ற எச்சரிக்கை, அல்லது நீங்கள் தேடும் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை

### நீங்கள் நிற்கும் இடம் சரியா?

‘டெராஃபார்ம் அவுட்புட்’ என்ற கட்டளை நீங்கள் நிற்கும் கோப்புறையின் ரூட் மாட்யூலுக்கு (மற்ற மாட்யூல்களை அழைக்கும் மேல்நிலைக் கோப்புகள்) உரிய ஸ்டேட்டை, அதாவது டெராஃபார்ம் உருவாக்கியவற்றின் பதிவை, மட்டுமே படிக்கும். மாட்யூல் எழுதப்பட்டிருக்கும் உட்கோப்புறைக்குள் நின்றுகொண்டு அதைக் கொடுத்தால், அங்கே ஸ்டேட்டே இருக்காது. எனவே எச்சரிக்கைதான் வரும். கோப்புறை சரியாக இருந்தால் ‘டெராஃபார்ம் வொர்க்ஸ்பேஸ் ஷோ’ கொடுத்து எந்த வொர்க்ஸ்பேஸில் (ஒரே கோப்புகளுக்கான தனித்தனி ஸ்டேட்களில் ஒன்று) இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சோதனைச் சூழலில் அப்ளை செய்துவிட்டு (கோப்பில் உள்ளதை நிறைவேற்றிவிட்டு), டிஃபால்ட் வொர்க்ஸ்பேஸில் நின்று அவுட்புட்டைத் தேடுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

### எழுதிய பிறகு அப்ளை செய்தீர்களா?

இந்தக் கட்டளை உங்கள் கோப்புகளைப் பார்ப்பதில்லை. கடைசியாக ஸ்டேட்டில் பதிவானதையே காட்டுகிறது. அவுட்புட் பகுதியைக் கோப்பில் சேர்த்து, கிட்டில் ஏற்றி, மெர்ஜும் செய்துவிட்டாலும் அப்ளை நடக்காத வரை அது பட்டியலில் வராது. என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் ‘டெராஃபார்ம் பிளான்’ கொடுங்கள். ‘சேஞ்சஸ் டு அவுட்புட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் பெயர் கூட்டல் குறியுடன் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பிளானில் அந்தத் தலைப்பு மட்டுமே இருந்தால், உள்கட்டமைப்பில் எதையும் மாற்றாமல் அவுட்புட் மதிப்புகளை மட்டும் ஸ்டேட்டில் சேமிக்கலாம் என்று டெராஃபார்மே சொல்லும். அப்போது தயங்காமல் அப்ளை செய்யலாம். அதனுடன் வேறு வளங்களின் மாற்றமும் தெரிந்தால், குறிப்பாக எதையாவது அழித்து மறுபடி உருவாக்கப்போவதாகக் காட்டினால், ஒரு அவுட்புட்டுக்காக அந்த அப்ளையை ஓட்டாதீர்கள். அந்த மாற்றம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள்.

### ரூட் மாட்யூலில் மறுபடி அறிவித்தீர்களா?

என் அனுபவத்தில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிந்திருக்கின்றன. உள் மாட்யூல் ஒன்றில் அவுட்புட் அறிவித்தால், அந்த மாட்யூலை அழைத்த கோப்பு அதைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதற்கு மேலுள்ள நிலைக்கு அது தானாக ஏறாது. வணிக வரிச் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், ஒரு சாவடியில் பில்லைக் காட்டிவிட்டோம் என்று அடுத்த சாவடியில் லாரியை விட்டதில்லை. அங்கேயும் பில்லை நீட்டத்தான் வேண்டியிருந்தது. அதுபோல மாட்யூலின் ஒவ்வொரு எல்லையிலும் தனி அவுட்புட் அறிவிப்பு வேண்டும். ரூட் மாட்யூலில் ‘விபிசி_ஐடி’ (விபிசி என்பது கிளவுடில் நமக்கென்ற தனி நெட்வொர்க்) என்ற அவுட்புட்டை அறிவித்து, அதன் மதிப்பாக ‘மாட்யூல்.நெட்வொர்க்.விபிசி_ஐடி’ என்று எழுதுங்கள். நெட்வொர்க் மாட்யூலுக்குள் இன்னொரு மாட்யூல் இருந்து, மதிப்பு அதற்குள்ளிருந்து வரவேண்டுமென்றால் நடுவிலும் ஒரு அறிவிப்பு தேவை. எத்தனை அடுக்கோ அத்தனை அறிவிப்பு.

மாட்யூல் எதையெல்லாம் வெளியே தருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ‘டெராஃபார்ம் கன்சோல்’ திறந்து ‘மாட்யூல்.நெட்வொர்க்’ என்று மட்டும் தட்டினால், அதன் அவுட்புட்கள் அனைத்தும் பெயரும் மதிப்புமாக வந்து நிற்கும். கன்சோலில் தெரிந்து, அவுட்புட் கட்டளையில் தெரியாவிட்டால் குறை ரூட்டில் இருக்கிறது. கன்சோலிலேயே தெரியாவிட்டால் குறை மாட்யூலுக்குள் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

### மதிப்பு ‘நல்’ (மதிப்பே இல்லை) என்று இருக்கிறதா?

ரூட் அவுட்புட்டின் மதிப்பு ‘நல்’ என்று முடிந்தால் அது ஸ்டேட்டில் சேமிக்கப்படாது. பட்டியலில் பெயர்கூட இருக்காது. நிபந்தனையின் பேரில் உருவாகும் வளங்களில் இது நேரும்: லோடு பேலன்சர் வேண்டாம் என்று மாறியில் சொல்லியிருந்தால், அதன் முகவரிக்கான அவுட்புட் மறைந்துபோவது பிழையன்று, எதிர்பார்த்ததே. அதைப் படிக்கும் ஸ்கிரிப்டுக்குப் பெயர் எப்போதும் தேவை என்றால், நல்லுக்குப் பதிலாக வெற்றுச் சரத்தைக் கொடுங்கள்.

### அப்ளை பாதியில் நின்றதா?

‘-டார்கெட்’ கொடுத்து ஓட்டிய அப்ளையில், குறிவைத்த வளங்களோடு தொடர்பில்லாத அவுட்புட்கள் புதுப்பிக்கப்படாமல் போகலாம். டார்கெட் இல்லாமல் ஒரு முழுப் பிளான் ஓட்டிப் பார்த்தால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். அப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி அறுந்தால் இரண்டு தடயங்கள் மிஞ்சலாம். ஒன்று, விடுபடாத ஸ்டேட் பூட்டு (இருவர் ஒரே நேரத்தில் ஸ்டேட்டை மாற்றாமல் தடுப்பது). மற்றொன்று, பேக்எண்டில் (ஸ்டேட் சேமிக்கப்படும் இடம்) எழுத முடியாமல் உங்கள் கோப்புறையிலேயே எழுதப்பட்ட ‘எரர்டு.டிஎஃப்ஸ்டேட்’ என்ற கோப்பு. அந்தக் கோப்பைக் கண்டால் அழிக்காதீர்கள். உருவான வளங்களின் பதிவு அதில் மட்டுமே இருக்கக்கூடும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ‘ஃபோர்ஸ்-அன்லாக்’ செய்வதும், ‘ஸ்டேட் புஷ்’ மூலம் அந்தக் கோப்பைப் பேக்எண்டுக்கு ஏற்றுவதும் ஸ்டேட்டுக்குப் பொறுப்பானவரின் வேலை. பூட்டு வேறொருவரின் ஓடிக்கொண்டிருக்கும் அப்ளைக்கு உரியதாக இருக்கலாம். பிழைச் செய்தியில் பூட்டின் அடையாள எண்ணும் அதைப் போட்டவரின் பெயரும் இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

## அறிகுறி: ‘அன்சப்போர்ட்டட் ஆட்ரிபியூட்’ என்ற பிழை

மாட்யூலின் அவுட்புட்டைக் கோப்பில் குறிப்பிட்ட வரியைச் சுட்டி, அப்படி ஒரு பண்பு இந்தப் பொருளில் இல்லை என்று டெராஃபார்ம் சொல்கிறது.

### பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா?

நீங்கள் எழுத வேண்டியது அவுட்புட்டின் பெயரை; உள்ளே இருக்கும் வளத்தின் பண்புப் பெயரை அன்று. சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) வளத்தின் பண்பு ‘ஐடி’ என்றிருக்கும், மாட்யூலின் அவுட்புட் ‘பிரைவேட்_சப்நெட்_ஐடி’ என்றிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். ஒருமை, பன்மையிலும் கண் வையுங்கள். எங்கள் நெட்வொர்க் மாட்யூலில் ஒரே ஒரு சப்நெட் இருந்தவரை ‘சப்நெட்_ஐடி’ என்றிருந்த அவுட்புட், ஏடபிள்யூஎஸ் கிளவுடின் மும்பை ரீஜனில் இரண்டாவது ஸோனிலும் சப்நெட் போட்டபோது ‘சப்நெட்_ஐடிஸ்’ ஆகிவிட்டது. கடைசியில் ஒரு எழுத்துதான் கூடியது; அதை நம்பியிருந்த கோப்புறைகள் எல்லாம் அடுத்த பிளானில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

### நீங்கள் பார்க்கும் மாட்யூலும் டெராஃபார்ம் பார்க்கும் மாட்யூலும் ஒன்றா?

மாட்யூலின் ஆதாரம் கிட் முகவரியாக இருந்து அதில் ஒரு டேக் (பதிப்புக் குறி) குறிப்பிடப்பட்டிருந்தால், உலாவியில் மெயின் கிளையைத் திறந்து “அவுட்புட் இதோ இருக்கிறதே” என்று வாதிடுவதில் பயனில்லை. டெராஃபார்ம் எடுத்து வைத்திருப்பது பழைய டேக்கின் நகல். கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘.டெராஃபார்ம்’ என்ற உட்கோப்புறையில் ‘மாட்யூல்ஸ்’ என்பதைத் திறந்து, அங்குள்ள அவுட்புட் கோப்பைப் படியுங்கள். உண்மையில் இயங்குவது அதுதான். டேக்கை மாற்றினால் ‘டெராஃபார்ம் இனிட்’ மறுபடி கொடுக்க வேண்டும். டேக் இல்லாமல் கிளையின் பெயரை மட்டும் குறிப்பிட்டிருந்தால், வெறும் இனிட் பழைய நகலையே வைத்துக்கொள்ளும்; ‘இனிட் -அப்கிரேட்’ தேவை. புள்ளியில் தொடங்கும் உள்ளூர்ப் பாதையாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, மாற்றம் உடனே தெரியும்.

### மாட்யூல் அழைப்பில் கவுண்ட் அல்லது ஃபார்_ஈச் இருக்கிறதா?

ஒன்றைப் பல பிரதிகளாக உருவாக்குபவை இவை. டெராஃபார்ம் 0.13 முதல் மாட்யூல் அழைப்புக்கே இவற்றைக் கொடுக்க முடிகிறது. கொடுத்த கணமே அந்த மாட்யூல் தனிப்பொருளாக இல்லாமல் தொகுப்பாகிவிடுகிறது. நேற்றுவரை ஓடிய ‘மாட்யூல்.ஆப்.யுஆர்எல்’ இன்று ஓடாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

- கவுண்ட் இருந்தால்: ‘மாட்யூல்.ஆப்[0].யுஆர்எல்’ என்று எண் கொடுங்கள். எல்லாம் வேண்டுமென்றால் எண்ணின் இடத்தில் நட்சத்திரக் குறி. கவுண்ட் சுழியமோ ஒன்றோ மட்டுமே ஆகும் என்றால், நட்சத்திரக் குறியிட்ட வடிவத்தை ‘ஒன்’ என்ற ஃபங்ஷனுக்குள் இடுவது நல்லது. இல்லாதபோது நல் தரும், பிழை தராது.
- ஃபார்_ஈச் இருந்தால்: சதுர அடைப்புக்குள் சாவியின் பெயர். நட்சத்திரக் குறி இங்கே நேரடியாக வேலை செய்யாது. ‘வேல்யூஸ்’ ஃபங்ஷனுக்குள் மாட்யூலை இட்ட பிறகுதான் அதைப் போடலாம், அல்லது ஃபார் கோவையால் சாவிக்கு ஒரு மதிப்பாக மேப் கட்டிக்கொள்ளலாம். நான் எப்போதும் மேப்பையே தேர்ந்தெடுப்பேன். பட்டியலில் ஒன்று நடுவிலிருந்து நீங்கினால் பின்னால் உள்ளவற்றின் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். மேப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சிக்கலை, பிழை வந்தால் மாற்று மதிப்பைத் தரும் ‘ட்ரை’ ஃபங்ஷன் கொண்டு மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தவறான பெயரையும் அது ஓசையில்லாமல் விழுங்கிவிடும் என்பதால், அதை நான் அனுமதிப்பதில்லை.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: மூன்றும் சரியாக இருந்தும் அவுட்புட் மாட்யூலில் இல்லையென்றால், மாட்யூலை எழுதியவரிடம் கேளுங்கள். மாட்யூலின் உள்வளத்தை வெளியிலிருந்து நேரடியாகக் குறிப்பிட வழியே இல்லை. ‘.டெராஃபார்ம்’ கோப்புறைக்குள் இருக்கும் நகலைத் திருத்தி ஒப்பேற்றினால், பைப்லைன் (டெராஃபார்மைத் தானாக ஓட்டும் அமைப்பு) புதிய நகலை எடுக்கும்போது திருத்தம் காணாமல் போகும்.

## அறிகுறி: ‘அவுட்புட் ரெஃபர்ஸ் டு சென்சிட்டிவ் வேல்யூஸ்’ என்று பிளான் நிற்கிறது

இந்தப் பிழை ரூட் மாட்யூலில் மட்டும் வருவது; உள் மாட்யூலில் இருக்கும்போது டெராஃபார்ம் மௌனமாகக் கடந்துவிடும். அதனால்தான் மாட்யூலை எழுதியவர் “எனக்குப் பிழையே வரவில்லையே” என்பார்.

முதலில் பார்க்க வேண்டியது, தேவைக்கு மேல் வெளியே அனுப்புகிறீர்களா என்பதை. தரவுத்தள வளத்தை முழுப்பொருளாக அவுட்புட்டில் வைத்தால் கடவுச்சொல்லும் சேர்ந்தே வரும். டெராஃபார்ம் தடுப்பது அதைத்தான். என்ட்பாயின்ட் மட்டும் தேவையென்றால் அந்தப் பண்பை மட்டும் எழுதுங்கள், பிழை போய்விடும். முகவரிக்குள் கடவுச்சொல்லைச் சேர்த்துக் கட்டிய இணைப்புச் சரமாக இருந்தால் அது இரகசியமே; ‘சென்சிட்டிவ் = ட்ரூ’ சேர்ப்பதைத் தவிர வழியில்லை. ‘நான்சென்சிட்டிவ்’ ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. மதிப்பில் இரகசியம் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அதைத் தொடுங்கள்.

சென்சிட்டிவ் என்று குறித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. திரையில் பட்டியலிடும்போது மதிப்பு மறைக்கப்படும், அவ்வளவே. பெயரைக் கொடுத்து ‘டெராஃபார்ம் அவுட்புட்’ கேட்டாலோ, ‘-ஜேசன்’ அல்லது ‘-ரா’ சேர்த்தாலோ மதிப்பு அப்படியே அச்சாகும். ஸ்டேட் கோப்பிலும் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பைப்லைன் பதிவில் கடவுச்சொல் ஒருமுறை அச்சாகிவிட்டால் பதிவை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே சொல்லி, கடவுச்சொல்லையே மாற்றச் செய்யுங்கள்.

## அறிகுறி: மதிப்பு வருகிறது, ஆனால் ஸ்கிரிப்ட் அதை ஏற்கவில்லை

மதிப்பைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் ‘-ரா’ சேர்க்கவும். அது சரம், எண், பூலியன் ஆகியவற்றுக்கு மட்டுமே. பட்டியலுக்கோ மேப்புக்கோ கொடுத்தால் மறுத்துவிடும், அங்கே ‘-ஜேசன்’.

ஜேசனில் ஒரு வேறுபாடு பலரைத் தடுக்கிவிடும். பெயர் கொடுக்காமல் கேட்டால் ஒவ்வொரு அவுட்புட்டும் ‘சென்சிட்டிவ்’, ‘டைப்’, ‘வேல்யூ’ என்ற மூன்று பகுதிகளுடன் வரும். பெயர் கொடுத்துக் கேட்டால் மதிப்பு மட்டும் வரும். ஒன்றுக்கு எழுதிய ஜேக்யூ (ஜேசனிலிருந்து மதிப்பைப் பிரித்தெடுக்கும் கருவி) வரியை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நல் கிடைக்கும், அல்லது பிழை வரும்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸில் மட்டும் மதிப்போடு வேறு வரிகளும் கலந்து வந்தால், ஹாஷிகார்ப்பின் செட்டப்-டெராஃபார்ம் ஆக்ஷன் நிறுவும் ரேப்பரை (டெராஃபார்மைச் சுற்றி ஓடும் ஸ்கிரிப்ட்) சந்தேகியுங்கள். ‘டெராஃபார்ம்_ரேப்பர்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தீர்ந்துவிடும். இந்த அறிகுறிக்கு யாரையும் அழைக்கத் தேவையில்லை.

## அறிகுறி: வேறொரு கோப்புறையின் அவுட்புட்டை ரிமோட் ஸ்டேட் மூலம் படிக்க முடியவில்லை

ஒரு குழு எழுதுவதை மற்றொரு குழு படிக்கும் எங்களைப் போன்ற அமைப்பில் அதிக நேரத்தை விழுங்குவது இதுவே. ஏனென்றால் கோளாறு ஒருவரிடம் இருக்கும், பிழைச் செய்தி மற்றவரிடம் வரும்.

### பண்பு இல்லை என்று வந்தால்

‘டெராஃபார்ம்_ரிமோட்_ஸ்டேட்’ மூலம் கிடைப்பவை எழுதும் குழுவின் கோப்புறையில் உள்ள ரூட் அவுட்புட்கள் மட்டுமே. எனவே மேலே முதல் அறிகுறியில் சொன்ன சோதனைகள் அனைத்தையும் அந்தக் குழுவின் பக்கத்தில் செய்ய வேண்டும்: ரூட்டில் அறிவிப்பு இருக்கிறதா, அப்ளை ஆனதா, மதிப்பு ‘நல்’ அல்லவே? எழுதும் குழுவிடம் “அவுட்புட் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். கோப்பைப் பார்த்து “இருக்கிறது” என்பார்கள். ‘டெராஃபார்ம் அவுட்புட்’ கட்டளையின் முழு விடையை ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். சென்சிட்டிவ் என்று குறித்தவை அதில் மறைந்தே இருக்கும்.

### ஸ்டேட்டே கிடைக்கவில்லை என்று வந்தால்

பக்கெட்டின் (ஸ்டேட் இருக்கும் எஸ்3 சேமிப்பிடம்) பெயர், கீ எனப்படும் பாதை, ரீஜன் ஆகியவற்றை எழுதும் குழுவின் கோப்புறையிலுள்ள பேக்எண்ட் பகுதியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவை பொருந்தினால் வொர்க்ஸ்பேஸைப் பாருங்கள். எஸ்3 பேக்எண்ட், டிஃபால்ட் அல்லாத வொர்க்ஸ்பேஸ்களின் ஸ்டேட்டை வேறு முன்னொட்டின் கீழ் சேமிக்கிறது. ரிமோட் ஸ்டேட் பகுதியில் ‘வொர்க்ஸ்பேஸ்’ என்ற மதிப்பைக் கொடுக்காவிட்டால் டிஃபால்ட்டையே தேடும். டிஃபால்ட்டில் ஏதோ பழைய ஸ்டேட் கிடந்தால் இன்னும் மோசம்: பிழையே வராது, பழைய சப்நெட்டின் எண் வந்து சேரும். அப்படி வந்தால் யாரும் உடனே கவனிக்கமாட்டார்கள்.

### அனுமதி மறுக்கப்பட்டால்

ஒரு அவுட்புட்டைப் படிக்கவும் முழு ஸ்டேட்டையும் படிக்கும் அனுமதி வேண்டும். அதற்குள் இரகசியங்களும் இருக்கும். ஆகவே அனுமதியைத் திறந்துவிடுமாறு கேட்பதற்கு முன், அந்த ஒரு மதிப்பை ஏடபிள்யூஎஸ் பாராமீட்டர் ஸ்டோர் போன்ற இடத்தில் எழுதிவைத்து அங்கிருந்து படிக்க முடியுமா என்று பாருங்கள். நாங்கள் விபிசி, சப்நெட் எண்களை அப்படித்தான் பகிர்கிறோம்.

பெயரை மாற்றும் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிய பெயரைச் சேர்த்த அன்றே பழையதை நீக்காதீர்கள். இரண்டு அவுட்புட்களும் ஒரே மதிப்பைச் சுட்டி நிற்பதில் எந்தக் கேடும் இல்லை. படிக்கும் கோப்புறைகள் எல்லாம் மாறிய பிறகு பழையதை எடுத்துவிடலாம்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பக்கெட் கொள்கையையோ குறியாக்கச் சாவியின் அனுமதியையோ மாற்ற வேண்டிய நிலை வந்தால் கிளவுட் கணக்கின் நிர்வாகியிடம் செல்லுங்கள்.

## அறிகுறி: ‘நோன் ஆஃப்டர் அப்ளை’ என்றே காட்டி, ‘இன்வாலிட் ஃபார்_ஈச் ஆர்க்யுமென்ட்’ என்று நிற்கிறது

இன்னும் உருவாகாத வளத்தின் எண்ணை ஃபார்_ஈச்சின் சாவியாக வைத்திருக்கிறீர்கள். சாவிகள் பிளான் நேரத்திலேயே தெரிய வேண்டும். மதிப்புகள் பிறகு தெரிந்தால் போதும். சப்நெட் எண்களைச் சாவியாக்காமல், நீங்களே கொடுத்த ‘ஏ’, ‘பி’ போன்ற ஸோன் பெயர்களைச் சாவியாகவும் எண்களை மதிப்பாகவும் வைத்து மாட்யூல் ஒரு மேப்பைத் தருமாறு மாற்றுங்கள். பிழைச் செய்தி ‘-டார்கெட்’ என்ற குறுக்கு வழியையும் சொல்லும்; அது அந்த ஒரு ஓட்டத்துக்கு உதவும், புதிய சூழலை நிறுவும்போது அதே பிழை மறுபடி வரும்.

ஏற்கெனவே உருவாகிவிட்ட வளத்தின் மதிப்பும் தெரியவில்லை என்று வந்தால், மாட்யூல் அழைப்பில் ‘டிப்பெண்ட்ஸ்_ஆன்’ (இன்னொன்று முடிந்த பிறகே இது என்று சொல்லும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்து, சார்ந்திருக்கும் பக்கத்தில் ஏதேனும் மாற்றம் நிலுவையில் இருந்தால், மாட்யூலுக்குள் உள்ள டேட்டா பகுதிகள் (ஏற்கெனவே இருப்பவற்றின் விவரத்தைப் படிப்பவை) அனைத்தும் அப்ளை வரை ஒத்திப்போடப்படும். அவற்றிலிருந்து வரும் அவுட்புட்களும் அதுவரை தெரியாதவையாகிவிடும். பெரும்பாலான இடங்களில் அந்த வரி பயத்தால் சேர்க்கப்பட்டதாகவே இருக்கும். மற்ற மாட்யூலின் அவுட்புட்டை இன்புட்டாகக் கொடுத்தாலே வரிசை தானாக அமைந்துவிடும்.

## அறிகுறி: ‘சைக்கிள்’ என்ற பிழை

இரண்டு மாட்யூல்கள் ஒன்றன் அவுட்புட்டை மற்றொன்று பயன்படுத்துவது மட்டுமே சுழற்சியை உண்டாக்காது. டெராஃபார்ம் சார்பைக் கணக்கிடுவது வளம், இன்புட், அவுட்புட் என்ற அளவில், மாட்யூல் அளவில் அன்று. அங்கேயும் டிப்பெண்ட்ஸ்_ஆன் நுழைந்தால்தான் மாட்யூல் முழுவதும் ஒரே முடிச்சாகிச் சுழற்சி பிறக்கிறது. ஆகவே முதலில் அதை நீக்கிப் பாருங்கள்.

நீக்கியும் பிழை போகாவிட்டால் உண்மையான சுழற்சி இருக்கிறது. செயலியின் செக்யூரிட்டி குரூப் (எந்த இணைப்புகளை அனுமதிக்கலாம் என்ற விதிகளின் தொகுதி) தரவுத்தளத்தினுடையதையும், தரவுத்தளத்தினுடையது செயலியினுடையதையும் சுட்டுவது வழக்கமான எடுத்துக்காட்டு. குரூப்களை விதிகள் இல்லாமல் உருவாக்கி அவற்றின் எண்களை அவுட்புட்டாக எடுத்து, விதிகளைத் தனி வளங்களாக ரூட் மாட்யூலில் எழுதினால் சுழற்சி அவிழும். ஆனால் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சூழலில், குரூப்புக்குள் எழுதிய விதிகளைத் தனியே பிரிக்கும்போது இடையில் இணைப்பு அறுபட வாய்ப்புண்டு. பிளானில் விதி நீக்கம் ஒன்றாவது தெரிந்தால், நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவர் உடனிருக்கும்போது மட்டும் அதை அப்ளை செய்யுங்கள்.